மணிக்கு முன்னே வந்த கடல்

தையல்காரர் மிக்கேல் தரையில் உட்கார்ந்திருந்தார். அவருடைய தையல் மெஷின் கடலில் இருந்தது.

சட்டப்படி அப்படித்தான். போன வருஷம் கோடு போட்டபோது சுண்ணாம்புக் கோடு அவர் கடைக்குள் நுழைந்து, ஸ்டூலுக்கும் மெஷினுக்கும் நடுவே போய்விட்டது. அன்றிலிருந்து மெஷின் நிற்கிற இடம் மீனவர் சங்கத்துக்குச் சொந்தம். மிக்கேல் பாட்டுக்குத் தைத்துக்கொண்டிருப்பார். பக்கத்தில் யாராவது வலையைக் காயப்போட்டுக்கொண்டிருப்பார்கள். அவர் தைத்த கல்யாண சூட்டின் பையிலிருந்து தாலி கட்டுகிற நேரத்தில் ஓர் உயிருள்ள நண்டு எட்டிப் பார்த்ததைப் பற்றி மாப்பிள்ளை வீட்டார் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

சிப்பித்துறையில் இதெல்லாம் சகஜம்.

சிப்பித்துறை இருக்கிற சாளைக்குடாவில் கடல் ஏற ஆரம்பித்தபோது முதலில் போனது மீனவர்களின் மணல்தான். படகை ஏற்ற இடமில்லை, வலையை உலர்த்த இடமில்லை. அவர்கள் தெருவில் வந்து நின்ற பிறகு அரசாங்கம் ஒரு சட்டம் போட்டது. வருஷத்தின் பெரிய பௌர்ணமி ஓதத்தன்று, ஊர்ப் பேச்சில் சொன்னால் பெரிய ஏத்தத்தன்று, தண்ணீர் எதுவரை வருகிறதோ அங்கே ஒரு கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் ஊர், அந்தப் பக்கம் கடல். ஓதம் வடிந்ததும் அந்தப் பக்கமும் காய்ந்த தரைதான் என்றாலும் சட்டத்தின் கண்ணுக்கு அது கடல். கடல் சங்கத்துக்கு. வீட்டுக்காரருக்கு மேட்டுநகரில் ஒரு ஃபிளாட். மேட்டுநகர் என்பது செம்மண் பொட்டலில், கடல் காற்று பஸ் ஏறித்தான் வரவேண்டிய தூரத்தில் இருந்தது.

சரி, ஓதம் நிறைகிற நேரம் எது? சட்டம் எழுத வந்தவர் ஊராரைக் கேட்டார். ஊரார் ஒரே குரலில், "கோயில் மணி அடிக்கும்போது" என்றார்கள். பொய்யில்லை. பௌர்ணமி ஓதம் ஒவ்வொரு துறைக்கும் ஒவ்வொரு நேரத்தில் நிறையும்; ஆனால் ஒரு துறையில் எப்போதும் கிட்டத்தட்ட ஒரே நேரம்தான். சிப்பித்துறையில் அது உச்சிவெயில் நேரம். பங்குக் கோயில் என்கிற தேவாலயத்தில் பகல் மணி அடிக்கும், கடலும் நிறைந்து நிற்கும். அதையே அவரும் எழுதிவிட்டார்: பௌர்ணமியன்று பங்குக் கோயிலின் பகல் மணி அடிக்கும்போது தண்ணீர் நிற்கும் இடமே கோடு.

அந்தக் கோடு இந்த வருஷம் தன் வாசலுக்கு வரப்போகிறது என்பது ரெஜினாளுக்குத் தெரியும். தெருக் கோடியில் அவளுடைய மெஸ். முன்னால் படி, படி ஏறினால் ஒடுங்கிய வாசல், உள்ளே நாலைந்து பெஞ்சு, அதற்கப்பால் அடுப்பு. புருஷன் போனபின் அவளைத் தூக்கி நிறுத்தியது அந்த அடுப்புதான்.

ஆனால் அவள் பயப்படவில்லை. கொத்தனாரை வைத்துப் படியையும் தரையையும் இரண்டு சாண் உயர்த்திவிட்டாள். சிமென்ட் காய்வதற்குள் அதைக் கஸ்பாருக்குக் காட்டியும் விட்டாள்.

"பாத்தீரா தலைவரே? போன வருஷத்துக்கு இந்த வருஷம் கடல் ஒரு சாணுக்கு மேல ஏறலைன்னு ரேடியோல சொல்லுதான். நான் ரெண்டு சாண் ஏத்திட்டேன். இன்னும் ஒரு சாண் மிச்சம். அதுல உம்ம சங்கத்துக்கு ஒரு டீ வேணா தாரேன்."

கஸ்பார் மீனவர் சங்கத் தலைவர். கனத்த உடம்பு, கனத்த மீசை, ஆடி அசைந்து வருகிற நடை. மதியச் சாப்பாடு தினமும் இங்கேதான். ஒரு காலத்தில் ரெஜினாளைப் பெண் கேட்டு வந்தவர். அவள் அப்பா, "கடல்ல போறவனுக்குப் பொண்ணு கிடையாது" என்று சொல்லி அனுப்பிவிட்டார். இப்போது கடலே அவள் வீட்டைத் தேடி வருகிறது என்று ஊர் சொல்லிச் சிரித்தது. கஸ்பார் மட்டும் ஒருநாளும் சொன்னதில்லை. அவர் கல்யாணமும் செய்துகொள்ளவில்லை.

அவர் படியைக் காலால் தட்டிப் பார்த்தார்.

"நல்லா கட்டியிருக்கான். வலை காயப்போட வழுவழுன்னு இருக்கும்."

"காயப்போடுவீரு, காயப்போடுவீரு. குழம்பு வேணுமா, வேண்டாமா?"

"குழம்பு வேற, கோடு வேற பிலேய். முதல் வருஷம் கோடு என் வீட்டைத் தாண்டிப் போச்சு. சாவியை நானே கொண்டு போய்ச் சங்கத்துல கொடுத்தேன். உனக்கு மட்டும் வேற கோடு போடச் சொல்ல முடியுமா?"

"யார் கேட்டா? தண்ணி ஏறுனா எடுத்துக்கிடும். ஏறாது."

"ஏறாட்டி சந்தோஷம்" என்றார் கஸ்பார், இன்னொரு கரண்டிக் குழம்புக்குத் தட்டை நீட்டியபடி. அவர் சொன்ன விதத்தில் கேலி இல்லை என்பதைக் கவனிக்க ரெஜினாளுக்கு நேரமில்லை.

ரெஜினாளின் ஒரு சாண் மிச்சத்தைப் பறித்தவள் நிலோபர்.

நிலோபர் ஓத நிலையத்து அதிகாரி. துறைமுகக் கம்பத்தில் கட்டியிருக்கிற கருவியைப் பார்ப்பதும், பௌர்ணமியன்று சுண்ணாம்புத் தூள் டப்பாவோடு தெருத் தெருவாகக் கோடு போடுவதும் அவள் வேலை. அந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து ஊரில் பாதிப்பேர் அவளைப் பார்த்து வணங்கினார்கள், பாதிப்பேர் முறைத்தார்கள். கோடு எந்தப் பக்கம் விழுந்தது என்பதைப் பொறுத்தது அது. ரெஜினாள் மட்டும் இரண்டும் செய்யாமல் சோறு போட்டாள்.

"அக்கா, அந்தப் படியை எவ்வளவு ஏத்துனீங்க?" என்றாள் ஒருநாள் சாப்பிட உட்கார்ந்த நிலோபர்.

"ரெண்டு சாண். கடல் ஒரு சாண் ஏறிச்சுன்னா ஏத்தமும் ஒரு சாண்தான மேல வரும்?"

"அப்படித்தான் எல்லாரும் நினைக்கிறாங்க." நிலோபர் தயங்கினாள். "கடல் ஏறினது வேற. ஏத்தம் ஏறினது வேற."

"புரியுற மாதிரி சொல்லு. நான் குழம்பு வைக்கும்போது உனக்குப் புளி, உப்புன்னு சொல்லுதேன்ல?"

நிலோபர் சுற்றிலும் பார்த்தாள். அடுப்புக்குப் பக்கத்தில் சாம்பார் வாளி, அடியில் கொஞ்சம் சாம்பாரோடு இருந்தது.

"இந்த வாளியைத் தூக்கிட்டு அந்தக் கோடி வரைக்கும் நடங்க."

ரெஜினாள் நடந்தாள். சாம்பார் அடியில் கிடந்து சோம்பலாக ஆடியது.

"இப்ப அண்டாவிலிருந்து ஊத்தி நிறைங்க. தளும்பத் தளும்ப வேண்டாம், முக்கால் வாளி. அதே நடை. வேகம் மாத்தக் கூடாது."

ரெஜினாள் அதே நடை நடந்தாள். நாலாவது அடியில் சாம்பார் அவள் காலோடு சேர்ந்து தாளம் போட ஆரம்பித்தது. அடுத்த அடியில் விளிம்பைத் தாண்டி எழும்பி, ஒரு முருங்கைக்காயோடு, பெஞ்சில் சாப்பிட்டுக்கொண்டிருந்த தையல்காரர் மிக்கேலின் மடியில் போய் விழுந்தது.

"அய்யோ! இது ஒருத்தர் அளவெடுக்கக் கொடுத்த பேன்ட்!"

"மன்னிச்சிடுங்க மாமா, விஞ்ஞானம்" என்றாள் நிலோபர். "பாத்தீங்களாக்கா? உங்க நடை மாறலை. வாளி மாறலை. ஆழம்தான் கூடிச்சு. ஆழம் கூடினா வாளிக்குள்ள சாம்பாரோட ஆட்டம் வேகமாகும். அது உங்க நடையோட சேர்ந்துக்கிட்டா சிந்தும். நம்ம குடா ஒரு வாளி. நடக்கிறது நிலா. நிலாவுக்கு எப்பவும் ஒரே நடைதான்."

"குடாவுல ஆழம் கூடிட்டு."

"கூடிட்டு. முன்னாடி ஆழம் கம்மி, ஏத்தம் வர்றப்ப அடித்தரை அதோட காலைப் பிடிச்சு இழுத்துட்டே இருக்கும். களைச்சுப் போய்த்தான் நம்ம கரைக்கு வந்து சேரும். இப்ப அந்தப் பிடி விட்டுப்போச்சு. போதாததுக்கு எதிர்க்கரையில ஆவாரங்குடிக்காரங்க நீளமா சுவர் கட்டிட்டாங்க. அவங்க உப்பளத்துல படர்ந்து அடங்கின தண்ணியெல்லாம் இப்ப சுவத்துல முட்டி, இந்தப் பக்கம்தான் வருது."

"அவங்க கால் நனையாம இருக்கறதுக்கு என் அடுப்பு நனையணுமா?"

"அவங்களுக்கு இங்க ஒரு அடுப்பு இருக்குன்னே தெரியாதுக்கா. அவங்க அவங்க அடுப்பைப் பாத்தாங்க. நீங்க ரெண்டு சாண் ஏத்தினப்ப பக்கத்துல யாரு வீட்டுக்குத் தண்ணி போகும்னு யோசிச்சீங்களா?"

ரெஜினாள் யோசிக்கவில்லை. அதனால் அந்தக் கேள்வியைக் காதில் வாங்காத மாதிரி வாளியைக் கீழே வைத்தாள்.

"அப்போ என் படி?"

"நனையும். வாசற்படி மேலேயே லேசா ஏறும். கருவி சொல்றது அதான்." நிலோபர் தட்டைப் பார்த்தபடி சொன்னாள். "மன்னிச்சிடுங்க."

ரெஜினாள் பெஞ்சில் உட்கார்ந்தாள். மேட்டுநகர் ஃபிளாட்டை ஒரு தடவை பார்த்திருக்கிறாள். சமையலறையில் இடுப்பைத் திருப்பினால் கதவு சாத்திக்கொள்ளும். அங்கே அண்டா ஏது, பெஞ்சு ஏது, வந்து சாப்பிட ஆள் ஏது?

திடீரென்று அவள் நிமிர்ந்தாள்.

"ஏ நிலோ. ஆழம் கூடினா வேகமா ஓடும்னு சொன்னியே. வேகமா ஓடினா சீக்கிரம் வந்து சேரும்ல?"

நிலோபர் சோற்றைப் பிசைவதை நிறுத்தினாள். "வரும். வந்துட்டுத்தான் இருக்கு. மணிக்கு ரொம்ப முன்னாடியே நிறைஞ்சிடுது."

"மணி அடிக்கும்போது?"

"வடிய ஆரம்பிச்சிருக்கும். உங்க படியை விட்டு இறங்கியிருக்கும்."

"சட்டத்துல மணின்னுதான இருக்கு?"

"மணின்னுதான் இருக்கு. தப்புன்னு மேல எழுதிக் கேட்டேன். பரிசீலிக்கிறோம்னு சொல்லிட்டாங்க. அதுவரைக்கும் எனக்கு மணிதான் சட்டம். அது எப்ப அடிக்குதோ அப்ப தண்ணி எங்க நிக்குதோ, அங்க கோடு."

ரெஜினாள் எழுந்து போய் நிலோபரின் தட்டில் கேட்காமலேயே பெரிய வஞ்சிரத் துண்டை வைத்தாள்.

கடலில் போகிறவர்களுக்கு ஏத்தம் முந்தி வருவது தெரியாமல் இருக்குமா? கஸ்பார் அன்றே பங்குச் சாமி அமலதாஸைப் பார்க்கப் போயிருந்தார். ரெஜினாள் வழக்கம்போலச் சாமிக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோனபோது பேச்சு சூடாக இருந்தது. அவள் தூணோரம் நின்றுகொண்டாள்.

"சாமி, எங்க படகு எப்பவோ மிதக்குது, உங்க மணி எப்பவோ அடிக்குது. பௌர்ணமியன்னிக்கு மட்டும் ஏத்தம் நிறையும்போது அடிங்க. நாங்க வேற ஒண்ணும் கேக்கல."

அமலதாஸ் சாமி கண்ணாடியைத் துடைத்தார். "கஸ்பாரு, பகல் மணி பன்னிரண்டுக்கு. அப்படித்தான் இங்க எப்பவும் அடிக்கிறது. இன்னிக்கு ஏத்தத்துக்காக மாத்தினா, நாளைக்கு மிக்கேல் வந்து மெஷின் ரிப்பேர்னு மாத்தச் சொல்லுவான்."

"சட்டம் எங்களுக்குக் கொடுத்த கடலை மணி பிடுங்குது சாமி."

"அதை மணிகிட்ட சொல்லு" என்றார் சாமி. சொன்னதும் அவர் கண் ரெஜினாளின் கையிலிருந்த தூக்குச்சட்டியின் பக்கம் போயிற்று.

கஸ்பார் திரும்பினார். தூணோரம் நின்ற ரெஜினாளைப் பார்த்தார், தூக்குச்சட்டியைப் பார்த்தார். வெயிலில் இறங்கிப் போனார். சாமிக்கு அன்றைக்கு இறால் தொக்கு தனியாக வந்திருந்தது. அதற்கும் மணிக்கும் சம்பந்தமில்லை என்று ரெஜினாள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

தெருவில் அவளுக்குக் கூட்டாளிகளும் கிடைத்தார்கள். கல்யாண மஹால் தங்கப்பழம் அண்ணாச்சி, "மணி பன்னிரண்டுக்குத்தானே? அப்போ என் மஹால் தப்பிச்சுது" என்று சொல்லி மெஸ்ஸுக்கு ஒரு புது ஃபேன் அனுப்பி வைத்தார். ஃபேன் நன்றாகத்தான் சுற்றியது. ஆனால் அந்தக் காற்று அவளுக்கு ஏனோ ஒத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் கருவாடு வரவில்லை.

சலேத்துதான் கருவாடு கொண்டுவருகிறவள். வெறுங்கையோடு வந்து வாசலில் நின்றாள்.

"என்ன சலேத்து, கையை வீசிட்டு வாரே? சனிக்கிழமை கருவாட்டுக் குழம்புன்னு போர்டுல எழுதிட்டேன்."

"அழிச்சிடுங்க மைனி."

"விலை ஏத்தப் போறியா?"

"காயப்போட இடமில்லை. கோயில் படிக்கட்டுல போட்டேன், மணி அடிக்கிற கோயில்பிள்ளை விரட்டுனாரு. மஹால் முன்னால போட்டேன், மாப்பிள்ளை வீட்டார் மூக்கைப் பொத்துனாங்கன்னு அண்ணாச்சி ஆள் அனுப்பி அள்ளிட்டாரு. பஸ் ஸ்டாப் கூரை மேல போட்டா காக்கா தின்னுது. நீங்க சும்மா வந்து பாருங்களேன்."

ரெஜினாள் போயிருக்க வேண்டியதில்லை. ஆனால் போர்டில் எழுதியாகிவிட்டது.

சலேத்தின் வீடு போன வருஷக் கோட்டை ஒட்டி ஊர்ப் பக்கத்தில் இருந்தது. சட்டப்படி அது தரை. ஏத்தம் அப்போதுதான் நிறைந்திருந்தது. ரெஜினாள் வாசலைத் தாண்டும்போது சேலையைத் தூக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. சமையலறையில் அடுப்பு கணுக்கால் தண்ணீரில் நின்றது. அடுப்புக்குள் ஒரு சின்ன மீன் சுற்றிச் சுற்றி வந்தது, வாடகைக்கு வந்தவன் வீடு பார்க்கிற மாதிரி.

"இது கடல்தானே மைனி?" என்றாள் சலேத்து. "அப்போ மேட்டுநகர்ல ஒரு வீடு தரணும்ல? தரமாட்டாங்க. மணி அடிக்கும்போது அதிகாரி வந்து பாப்பா, வெறும் ஈரம்தான் இருக்கும். தரைன்னு எழுதிட்டுப் போவா. சங்கத்துக்கும் இடமில்லை, எனக்கும் வீடில்லை. கடல் வந்துட்டுப் போன பிறகு வந்து கடல் எங்கேன்னு கேட்டா நான் என்ன சொல்ல?"

அவர்கள் நின்றுகொண்டிருக்கும்போதே தண்ணீர் மெதுவாக, வந்த வழியே இறங்க ஆரம்பித்தது. அடுப்பு மீன் மட்டும் கடைசிவரை நின்று பார்த்துவிட்டுப் போயிற்று. அது போய் வெகுநேரம் கழித்துத்தான் கோயில் மணி அடித்தது.

அந்த மணிச் சத்தம் ரெஜினாளுக்கு இதற்குமுன் இவ்வளவு சத்தமாகக் கேட்டதில்லை.

அன்றைக்குச் சாமிக்கு அவள் கொண்டுபோன தூக்குச்சட்டி மூடியே இருந்தது. சாமி கையை நீட்டினார், அவள் கொடுக்கவில்லை.

"சாமி, பகல் மணி எதுக்கு அடிக்கிறோம்?"

"ஊர் ஒரு நிமிஷம் நின்னு ஜெபம் சொல்ல."

"அடுப்பு முங்கிக் கிடக்கும்போது ஜெபம் வேணுமா, வடிஞ்ச பிறகு வேணுமா?"

சாமி அவளைக் கூர்ந்து பார்த்தார். "உன் படி நனையும் ரெஜினாள். அது தெரிஞ்சுதான் கேக்கிறியா?"

"தெரிஞ்சுதான் கேக்கேன். கோபுரத்துல ஏறி நின்னுக்கிடுங்க. தண்ணி ஏறுறது நின்னதும் அடிங்க. அன்னிக்கு ஒருநாள் போதும்."

"மேலிடத்துல மேற்றிராணியார் கேட்டா?"

"ஏத்தம் முந்திக்கிச்சுன்னு சொல்லுங்க. அன்னிக்குச் சாப்பாடும் மணி அடிச்ச கையோட வரும்."

"இது லஞ்சம்."

"இல்ல சாமி. இதுவரைக்கும் கொடுத்ததுதான் லஞ்சம்."

சாமி தூக்குச்சட்டியை வாங்கி, திறக்காமல் ஜன்னலில் வைத்தார். அவர் அப்படிச் செய்து ரெஜினாள் பார்த்ததே இல்லை.

பௌர்ணமியன்று தெரு திருவிழா மாதிரி இருந்தது. சங்கத்து ஆட்கள் ஒரு பக்கம், தெரு ஆட்கள் ஒரு பக்கம், நடுவே ஐஸ் வண்டி. மணிக்கு இன்னும் நேரம் கிடக்கிறது என்று எல்லோரும் நிழலைத் தேடி நின்றார்கள். தண்ணீர் மட்டும் யாரையும் கேட்காமல் தெருவில் ஏறிக்கொண்டிருந்தது. "வரட்டும், வரட்டும், மணிக்குள்ள போயிடும்" என்று தங்கப்பழம் அண்ணாச்சி மஹால் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டு சிரித்தார்.

ரெஜினாள் விடியற்காலையிலேயே எல்லாக் குழம்பையும் வைத்துவிட்டாள். மேட்டுநகர் அடுப்பில் அண்டா நிற்காது. அதனால் அண்டாவுக்கு இது கடைசி நாள். கரண்டிகளைக் கழுவி ஒரு சாக்கில் கட்டினாள். பிறகு அவிழ்த்தாள். பிறகு மறுபடி கட்டினாள்.

"என்ன பிலேய், ஊரைக் காலி பண்ணுதியா?"

கஸ்பார். வெள்ளை வேட்டி, சங்கத்துத் துண்டு. தலைவர் என்ற முறையில் கோட்டுக்குச் சாட்சியாக நிற்க வந்தவர். வேட்டியைத் தூக்கிப் பிடித்துத் தண்ணீரில் நடந்து வந்து வாசற்படியில் உட்கார்ந்தார். ஒடுங்கிய வாசல், கஸ்பார் உட்கார்ந்தால் ஒரு பூனைகூடத் தாண்டிப் போக முடியாது.

"மணிக்கு நேரமிருக்கு. ஒரு டீ கொடு. இன்னிக்கு நீதான ஜெயிச்சே."

ரெஜினாள் டீயைக் கொடுத்தாள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் கால்கள் கீழ்ப்படியில் கணுக்கால்வரை தண்ணீரில் இருந்தன. தண்ணீர் மேல்படியின் விளிம்பைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து, லேசாக ஏறி நின்றது.

"சர்க்கரை போடலை" என்றார் கஸ்பார்.

"போட்டேன்."

"போடலை. நீ எங்கயோ பாத்துக்கிட்டு..."

மணி அடித்தது.

முதல் அடிக்கு யாரும் அசையவில்லை. இரண்டாவது அடிக்கு ஐஸ் வண்டிக்காரன் வாட்சைப் பார்த்தான். மூன்றாவது அடிக்குத் தெருவே கோபுரத்தைப் பார்த்தது. அமலதாஸ் சாமி மேலே நின்று, அங்கி காற்றில் பறக்க, தானே கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்.

"சாமி! சாமி! நேரம் ஆகலை!" என்று தங்கப்பழம் அண்ணாச்சி எழுந்தார். அவர் நாற்காலி மிதந்து அவரை விட்டுப் போயிற்று. மஹாலுக்குள் தண்ணீர் போய், மணமக்கள் உட்காரும் மேடையின் முதல் படியை நனைத்துக்கொண்டிருந்தது. சங்கத்து ஆட்களின் ஆரவாரத்தில் கோபுரத்துப் புறாக்கள் பறந்தன.

கஸ்பார் மட்டும் ஆரவாரம் செய்யவில்லை. டீ கிளாஸ் வாய்க்கருகே நின்றிருந்தது. கோபுரத்தைப் பார்த்தார். தண்ணீரைப் பார்த்தார். பிறகு தலையைத் திருப்பி, உள்ளே சாக்கைப் பிடித்தபடி நின்ற ரெஜினாளைப் பார்த்தார்.

"நீயா?"

"ஆமா."

"இந்தப் படி போயிடுமே பிலேய்."

"தெரியும். எழுந்திரும். நிலோ வாரா."

நிலோபர் சுண்ணாம்பு டப்பாவோடு மஹாலிலிருந்து தொடங்கி, தண்ணீரின் விளிம்பைப் பிடித்தபடி வந்தாள். சலேத்தின் வீடு முழுக்கக் கடல் என்று எழுதியாயிற்று. சலேத்து மேட்டுநகர் ஃபிளாட்டுக்கு இப்போதே திரைச்சீலை என்ன நிறம் என்று யாரிடமோ கேட்டுக்கொண்டிருந்தாள். தையல்காரர் மிக்கேலின் ஸ்டூலும் கடலுக்குப் போய்விட்டது. "அப்பாடா, ரெண்டும் ஒரே இடத்துல இருக்கு" என்றார் அவர்.

கோடு மெஸ்ஸின் சுவரோரமாக வந்து வாசலை எட்டியது. நின்றது.

"கஸ்பார் அண்ணாச்சி, கொஞ்சம் எழுந்திருங்க. வாசற்படி நனைஞ்சிருக்கான்னு பாக்கணும்."

"முடியாதும்மா."

"ஏன்?"

"முட்டி பிடிச்சுக்கிட்டு."

பின்னால் வந்த சங்கத்துச் செயலாளர் அலங்காரம் சிரித்தார். "தலைவரே, நேத்துப் பாய்மரத்துல ஏறுனீரே!"

"ஏறுனதுலதான் பிடிச்சுது."

"ரெண்டு பேர் சேந்து தூக்கிருவோம்."

"தொட்டே, அடுத்த தேர்தல்ல நீ நிக்க மாட்டே" என்றார் கஸ்பார். டீயை ஒரு மடக்குக் குடித்தார். "சர்க்கரை போட்டுத்தான் இருக்கு பிலேய். நான் கலக்கலை."

நிலோபர் குனிந்தாள். தண்ணீர் படியேறி, கஸ்பாரின் தொடையில் முட்டி நின்றது. அவருக்கு முன்னால் கடல். அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்: உள்ளே தரை, காய்ந்த சிமென்ட். கரண்டிச் சாக்கு, பெஞ்சு, அண்டா. நடுவே ரெஜினாள்.

"ஆளை நகர்த்தணும்னு சட்டத்துல எங்கேயும் இல்லை" என்றாள் நிலோபர் மெல்ல. "தண்ணி நிக்கிற இடத்துல கோடு போடணும்னுதான் இருக்கு. தண்ணி அண்ணாச்சியோட நிக்குது."

அலங்காரத்தைப் பார்த்தாள். அலங்காரம் திரும்பி மஹாலைப் பார்த்தார். அங்கே அவருடைய ஆட்கள் மணமகன் நாற்காலியில் ஒரு வலையை விரித்து அளவு பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த மண்டபத்தில் ஊர் வலை மொத்தமும் காயும்.

"முட்டி வலி பொல்லாதது" என்றார் அலங்காரம். "போடும்மா."

சுண்ணாம்புக் கோடு சுவரை விட்டு விலகி, கஸ்பாரின் ஒரு முழங்காலைச் சுற்றி, மறு முழங்காலைச் சுற்றி, மறுபடி சுவரோடு போய்ச் சேர்ந்தது.

கூட்டம் கலைந்து, தண்ணீர் படியை விட்டு இறங்கி, தெரு வெறும் ஈரமாகிக் கிடந்தபோதும் கஸ்பார் உட்கார்ந்தே இருந்தார். ரெஜினாள் அவர் பின்னால் வந்து நின்றாள்.

"முட்டி இப்ப எப்படி?"

"தேவலை."

அவர் எழுந்தார். வேட்டியின் பின்பக்கம் இடுப்புவரை நனைந்து கனத்துத் தொங்கியது. அதிலிருந்து ஒரு சின்ன இறால் உதிர்ந்து படியில் துள்ளியது. அவர் உட்கார்ந்திருந்த அகலத்துக்குப் படி ஊறிப்போய்க் கிடந்தது. அதற்கு உள்ளே ஒரு சொட்டுகூட இல்லை.

ரெஜினாள் வெகுநேரம் அந்த ஈரத்தைப் பார்த்தாள்.

"உம்ம வீட்டுச் சாவியை நீரே கொண்டு கொடுத்தீரு. உம்ம ஆளுங்களுக்கு இது துரோகம் இல்லையா?"

"யோசிச்சேன். டீ முடியறவரைக்கும் யோசிச்சேன்." கஸ்பார் வேட்டி முனையைப் பிழிந்தார். "இந்த வாசல்ல எத்தனை வலை காயும்? ஒண்ணு. அதுவும் என் வலை. நான் வேற எங்கயாவது காயப்போட்டுக்கிடுதேன்."

"வேற எங்கயும் வேண்டாம். மொட்டை மாடி சும்மாத்தான் கிடக்கு. பாதியில சலேத்து கருவாடு, பாதியில உம்ம வலை."

"கருவாட்டு வாசம் வலையில ஏறும்."

"ஏறட்டும். உமக்கு ஏறாததா?"

உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்த நிலோபர் தலையைத் தூக்காமல் சொன்னாள்: "ரெண்டு பேரும் சந்தோஷப்படுறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும். அடுத்த வருஷம் ஏத்தம் இன்னும் கூடும். இன்னும் முந்தியும் வரும்."

"அதனால என்ன?" என்றார் கஸ்பார். "நானும் முந்தியே வந்து உக்காருதேன்."

"போதாது அண்ணாச்சி. பக்கச் சுவரை இடிச்சு வாசலை அகலமாக்கப் போறேன்னு அக்கா முன்னாடியே கொத்தனார்கிட்ட பேசிட்டாங்க. அந்த வாசலுக்கு ஒரு ஆள் அகலம் பத்தாது."

கஸ்பார் ரெஜினாளைப் பார்த்தார். "போகப் போற மெஸ்ஸுக்கு எதுக்கு அகல வாசல்?"

"சாமிகிட்ட பேசறதுக்கு முன்னாடி சொன்னது. அப்புறம் வேண்டாம்னு சொல்ல மறந்துட்டேன்" என்றாள் ரெஜினாள். சாக்கை அவிழ்த்துக் கரண்டிகளை ஒவ்வொன்றாக ஆணியில் மாட்ட ஆரம்பித்தாள். "இனிமே சொல்லப் போறதும் இல்லை."

சாளைக்குடாவின் அரசாங்க வரைபடத்தில் சிப்பித்துறைக் கரை அந்த வருஷம் மெஸ் வாசலில் கடலுக்குள் ஒரு சின்ன மூக்கை நீட்டியிருந்தது. ஓர் ஆள் அகலம். அச்சுப் பிழையோ என்று தலைநகரிலிருந்து கேட்டார்கள். நேரில் பார்த்துப் போட்ட கோடு என்று நிலோபர் பதில் அனுப்பினாள்.

மறு வருஷ வரைபடத்தில் அந்த மூக்கு இரண்டு ஆள் அகலம் இருந்தது.